அமெரிக்காவின் ஃபெடரல் சர்க்யூட் நீதிமன்றம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபெடரல் சர்க்யூட் என்பது என்ன? அமெரிக்காவில் மத்திய நீதிமன்றம் எல்லாமே ஃபெடரல்தானே?

பெயரைக் கேட்டால் குழப்பம் வரத்தான் செய்யும். அமெரிக்காவின் மத்திய நீதிமன்றங்கள் மூன்று அடுக்கு. அடியில் 94 மாவட்ட நீதிமன்றங்கள், உச்சியில் உச்ச நீதிமன்றம், நடுவே 13 மேல்முறையீட்டு நீதிமன்றங்கள். நடு அடுக்கில் இருப்பவற்றைத்தான் சர்க்யூட் என்கிறார்கள். இவற்றில் 12 நீதிமன்றங்களுக்கு நில எல்லை உண்டு. நியூயார்க் இரண்டாவது சர்க்யூட்டில் வரும், டெக்சஸ் ஐந்தாவதில், கலிபோர்னியா ஒன்பதாவதில். தலைநகர் வாஷிங்டனுக்கென்று தனியாக ஒன்று இருக்கிறது.

பதின்மூன்றாவதுதான் ஃபெடரல் சர்க்யூட். இதற்கு நில எல்லை கிடையாது. வழக்கு எந்த ஊரில் நடந்தது என்று இது பார்க்காது, எதைப் பற்றியது என்று மட்டும் பார்க்கும். அலாஸ்காவில் நடந்த காப்புரிமை (புதுக் கண்டுபிடிப்பின் மேல் தரும் தனி உரிமை, பேடன்ட்) வழக்காக இருந்தாலும், ஃபுளோரிடாவில் நடந்ததாக இருந்தாலும் மேல்முறையீடு இங்கேதான் வர வேண்டும்.

எப்போது, எப்படி உருவானது?

1982-ல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அதிபர் ரீகன் ஏப்ரல் 2-ல் கையெழுத்திட்டார், அக்டோபர் 1-ல் நீதிமன்றம் திறந்தது. ஆனால் ஒன்றுமில்லாத இடத்திலிருந்து இதைக் கட்டவில்லை. ஏற்கெனவே இருந்த இரண்டு பழைய நீதிமன்றங்களை ஒன்றாக்கினார்கள். ஒன்று, அரசிடம் பணம் கேட்டு வழக்குப் போடுபவர்களுக்காக 1855-லிருந்து இருந்த கோரிக்கை நீதிமன்றத்தின் மேல்முறையீட்டுப் பிரிவு. மற்றது சுங்கம், காப்புரிமை மேல்முறையீட்டு நீதிமன்றம். முதலாவதில் ஏழு நீதிபதிப் பதவிகள், இரண்டாவதில் ஐந்து. கூட்டினால் பன்னிரண்டு. இன்றைக்கும் ஃபெடரல் சர்க்யூட்டில் நீதிபதிப் பதவிகள் பன்னிரண்டுதான்.

புது வீட்டுக்கு வந்தவர்கள் பழைய வீட்டுப் பாத்திரங்களையும் கொண்டுவந்தார்கள். முழு அமர்வாக, அதாவது எல்லா நீதிபதிகளும் சேர்ந்து, உட்கார்ந்து கொடுத்த முதல் தீர்ப்பிலேயே, அந்த இரண்டு பழைய நீதிமன்றங்களின் தீர்ப்புகள் எல்லாம் எங்களைக் கட்டுப்படுத்தும் என்று சொல்லிவிட்டார்கள். வெறும் சம்பிரதாயமாகத் தோன்றலாம், ஆனால் அது இல்லாமல் போயிருந்தால் ஒவ்வொரு சட்டக் கேள்வியையும் முதலிலிருந்து விவாதித்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கும்.

காப்புரிமைக்குத் தனி நீதிமன்றம் எதற்கு? மற்ற நீதிமன்றங்களுக்குப் புரியாதா?

புரியாது என்பதற்காக அல்ல. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு விதமாகப் புரிந்தது என்பதுதான் சிக்கல்.

1982-க்கு முன்னால் காப்புரிமை மேல்முறையீடு அந்தந்த வட்டார சர்க்யூட்டுக்குத்தான் போகும். சட்டம் ஒன்றுதான், ஆனால் அதைப் படிக்கும் கண்கள் பல. சில சர்க்யூட்டுகள் காப்புரிமையை மதித்துக் காப்பாற்றின. சில, கையில் கிடைத்ததையெல்லாம் செல்லாது என்று அடித்தன. எட்டாவது சர்க்யூட் இதில் பேர்போனது. அதனால் கண்டுபிடிப்பு நல்லதா கெட்டதா என்பதைவிட, வழக்கை எந்த ஊரில் தாக்கல் செய்தோம் என்பது முக்கியமாகிவிட்டது. கம்பெனிகள் ஓட்டப்பந்தயம் ஓடின. காப்புரிமை வைத்திருப்பவர் தனக்குச் சாதகமான ஊருக்கு ஓடுவார். அவரிடமிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்த மறுநாளே எதிராளி இன்னொரு ஊருக்கு ஓடி, ‘இந்தக் காப்புரிமை செல்லாது என்று அறிவியுங்கள்’ என்று முந்திக்கொள்வார்.

உச்ச நீதிமன்றம் ஆண்டுக்கு எடுக்கும் வழக்குகள் மிகக் குறைவு. இந்த முரண்பாடுகளையெல்லாம் அதுவே தீர்க்கும் என்று எதிர்பார்க்க முடியாது. சரி, மேல்முறையீட்டுக்கு ஒரே இடம் வைத்துவிடலாம் என்று முடிவுசெய்தார்கள். எந்த ஊரில் வழக்குப் போட்டாலும் கடைசியில் ஒரே கதவுதான்.

அப்படியானால் இது காப்புரிமை நீதிமன்றம்தானே?

இல்லை. இந்தப் பக்கத்தை எழுதத் தொடங்கியதே இந்த ஒரு கேள்விக்காகத்தான். செய்திகளில் இதைக் காப்புரிமை நீதிமன்றம் என்று எழுதுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். இங்கே வந்து நிற்கும் சாதாரண மனிதர்கள் அந்தப் பெயரில் காணாமல் போகிறார்கள்.

இந்த நீதிமன்றத்தை வடிவமைத்தவர்களுக்கு ஒரு பயம் இருந்தது. ஒரே வகை வழக்கையே நாள்தோறும் பார்க்கும் நீதிபதி, அந்தத் துறையின் ஆளாகவே மாறிவிடுவார். காப்புரிமையையே பார்த்துக்கொண்டிருந்தால் உலகமே காப்புரிமையாகத் தெரியும் என்று வழக்கறிஞர்களும் எதிர்த்தார்கள். அதற்காகவே வேறு வேலைகளையும் வேண்டுமென்றே கலந்தார்கள். இன்று இங்கே வரும் மேல்முறையீடுகள் இவை: நாடு முழுவதும் உள்ள மாவட்ட நீதிமன்றங்களிலிருந்து காப்புரிமை வழக்குகள், காப்புரிமை மற்றும் வணிகச் சின்ன அலுவலகத்தின் வாரியங்களிலிருந்து வருபவை, இறக்குமதி வரி தொடர்பாக நியூயார்க்கில் உள்ள சர்வதேச வணிக நீதிமன்றத்திலிருந்து வருபவை, அரசு ஒப்பந்தத் தகராறுகள், மத்திய அரசு நிலத்தை எடுத்துக்கொண்டு இழப்பீடு தரவில்லை என்ற புகார்கள், வேலைநீக்கம் செய்யப்பட்ட மத்திய அரசு ஊழியர்களின் மனுக்கள், முன்னாள் படைவீரர்களின் ஓய்வூதியக் கோரிக்கைகள். தடுப்பூசியால் பாதிக்கப்பட்டதாக இழப்பீடு கேட்பவர்களின் வழக்கும் ஒரு கட்டத்தில் இங்கேதான் வந்து சேரும்.

இவற்றில் பலவற்றில் எதிர்த்தரப்பு அரசாங்கம். ஒரு பக்கம் தனி மனிதர், மறுபக்கம் வாஷிங்டன்.

முன்னாள் படைவீரர் வழக்கு என்றால் எப்படி இருக்கும்? ஓர் உதாரணம் சொல்ல முடியுமா?

வியட்நாம் போரில் அமெரிக்கா காடுகளின் மேல் ‘ஏஜென்ட் ஆரஞ்சு’ என்ற களைக்கொல்லியைத் தெளித்தது. அதனால் பின்னாளில் நீரிழிவு, சில வகைப் புற்றுநோய்கள் எல்லாம் வந்தன. எந்த வீரருக்கு எந்த நாளில் விஷம் பட்டது என்று நிரூபிக்க முடியாது என்பதால், ‘வியட்நாம் குடியரசில் பணியாற்றியவர்’ என்றால் போதும், நோய் போரால் வந்தது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று 1991-ல் சட்டம் வந்தது.

இதில் மாட்டிக்கொண்டவர்கள் கடற்படையினர். கரையில் கால் வைத்தவருக்கு உதவி கிடைத்தது. கப்பலில் கரையோரக் கடலில் நின்றவருக்கு இல்லை. குடியரசு என்றால் நிலம் மட்டும்தான் என்று அரசுத் துறை விளக்கம் சொன்னது. 2008-ல் ஃபெடரல் சர்க்யூட்டும் அந்த விளக்கத்தை ஏற்றுக்கொண்டது. விமானந்தாங்கிக் கப்பலான இன்ட்ரெபிடில் 1966-ல் அந்தக் கடலில் இருந்த ஒரு வீரருக்குப் பிற்காலத்தில் நீரிழிவும் புற்றுநோயும் வந்தன. அவர் கேட்ட உதவி மறுக்கப்பட்டது.

அவருடைய வழக்கை 2019 ஜனவரியில் முழு அமர்வு தீர்த்தது. ஒரு நாடு என்றால் கரையிலிருந்து 12 கடல் மைல் வரையுள்ள அதன் கடலும் சேர்த்துத்தான். சர்வதேசச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. நாடாளுமன்றம் ‘வியட்நாம் குடியரசு’ என்று எழுதியபோது அந்தக் கடலையும் சேர்த்தே எழுதியது என்றார்கள். ஒன்பது பேர் ஒரு பக்கம், இரண்டு பேர் மறுபக்கம். தங்கள் 2008 தீர்ப்பைத் தாங்களே ரத்துசெய்தார்கள். அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போகவில்லை. அதே ஆண்டு ஜூனில் நாடாளுமன்றமும் இதைச் சட்டமாக்கியது.

‘குடியரசு’ என்ற ஒரு சொல்லுக்குள் கடல் உண்டா இல்லையா. நோயாளிகளான முதியவர்கள் பல்லாயிரம் பேரின் மருந்துச் செலவு அதில் தொங்கிக்கொண்டிருந்தது. இந்த நீதிமன்றம் என்ன வேலை செய்கிறது என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இந்த வழக்கைத்தான்.

ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். படைவீரர் வழக்குகளில் இந்த நீதிமன்றம் பொதுவாகச் சட்டக் கேள்வியை மட்டுமே பார்க்கும். ‘என் மருத்துவச் சான்றைச் சரியாகப் படிக்கவில்லை’ என்று வந்தால், அது எங்கள் வேலையில்லை என்று திருப்பி அனுப்பிவிடும்.

வணிகச் சின்னம், பதிப்புரிமை வழக்குகளும் இங்கே வருமா?

வணிகச் சின்னம் பாதி. பதிவு மறுக்கப்பட்டு அலுவலக வாரியத்திலிருந்து நேரே மேல்முறையீடு செய்தால் இங்கே வரும். ஒருவர் இன்னொருவரின் சின்னத்தைத் திருடிவிட்டார் என்று மாவட்ட நீதிமன்றத்தில் நடந்த வழக்கு வட்டார சர்க்யூட்டுக்குப் போகும்.

பதிப்புரிமை இங்கே வராது. ஆனால் ஒரு பெரிய வழக்கு வந்தது. ஜாவா என்ற கணினி மொழி தொடர்பாக ஆரக்கிள் கம்பெனி கூகுள் மேல் 2010-ல் போட்ட வழக்கில் காப்புரிமை, பதிப்புரிமை இரண்டும் இருந்தன. காப்புரிமையில் ஆரக்கிள் தோற்றது, மேல்முறையீடு செய்தது பதிப்புரிமைக்காக மட்டும். ஆனாலும் முதல் மனுவிலேயே காப்புரிமை இருந்ததால் வழக்கு ஃபெடரல் சர்க்யூட்டுக்கு வந்தது. பதிப்புரிமைக்கு ஒன்பதாவது சர்க்யூட்டின் சட்டத்தை இரவல் வாங்கித்தான் தீர்ப்பு எழுதினார்கள். 2014, 2018 இரண்டிலும் ஆரக்கிள் வென்றது. 2021-ல் உச்ச நீதிமன்றம் அதைக் கூகுளுக்குச் சாதகமாக மாற்றியது.

நீதிபதிகளை யார் நியமிக்கிறார்கள்? எத்தனை காலம் இருப்பார்கள்?

மற்ற மத்திய நீதிபதிகளைப் போலத்தான். அதிபர் பெயர் சொல்வார், செனட் ஒப்புதல் தரும், அப்புறம் ஆயுள் முழுக்கப் பதவி. துறை நீதிமன்றம் என்பதால் தீர்ப்பாயம் போல ஐந்தாண்டு, பத்தாண்டுக் காலம் என்று நினைத்துவிடக் கூடாது. அரசமைப்புச் சட்டத்தின் முழுப் பாதுகாப்பு உள்ள நீதிமன்றம் இது.

ஒரே ஒரு தனி நிபந்தனை உண்டு: பணியில் இருக்கும் நீதிபதி தலைநகரிலிருந்து 50 மைலுக்குள் குடியிருக்க வேண்டும். நாடு முழுவதற்குமான நீதிமன்றத்தின் நீதிபதிகள் எல்லாரும் ஒரே ஊரைச் சுற்றி வாழ்வது நல்லதா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். எனக்கும் அந்தக் கேள்வி சரியாகவே படுகிறது.

முதல் தலைமை நீதிபதி ஹோவர்ட் மார்க்கி. நீதிமன்றக் கட்டடத்துக்கு இப்போது அவர் பெயர்தான். 2021-லிருந்து தலைமை நீதிபதி கிம்பர்லி மூர்.

நீதிபதியாக இன்ஜினியரிங் படித்திருக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. ஆனால் படித்தவர்கள் இருக்கிறார்கள். மூர் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மின்பொறியியல் படித்தவர். டிஃப்பனி கன்னிங்ஹாம் அங்கேயே வேதிப்பொறியியல் படித்தவர். 2021-ல் இந்த நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியானார். ஆலன் லூரி வேதியியல் முனைவர். மறுபக்கம், ஜிம்மி ரெய்னா வணிகச் சட்டத்திலிருந்தும், டாட் ஹியூஸ் நீதித்துறையில் அரசு வழக்கறிஞராக இருந்தும் வந்தவர்கள். இந்தக் கலவை அவசியம். எல்லாரும் இன்ஜினியர்களாக இருந்தால் படைவீரர் மனுவை யார் அக்கறையோடு படிப்பது?

பழைய ஆட்களில் ஜைல்ஸ் ரிச் பெயரைச் சொல்லாமல் விட முடியாது. 1952-ன் காப்புரிமைச் சட்டத்தை எழுதியவர்களில் ஒருவர் அவர். பிறகு நீதிபதியாகி, தாம் எழுதிய சட்டத்துக்குத் தாமே பொருள் சொல்லிக்கொண்டு, 1999-ல் 95 வயதில் இறக்கும் வரை பணியில் இருந்தார்.

நீதிபதி பாலின் நியூமன் விவகாரம் என்ன?

1927-ல் பிறந்தவர், யேல் பல்கலைக்கழகத்தில் வேதியியல் முனைவர் பட்டம் பெற்றவர், 1984-ல் நியமிக்கப்பட்டவர். பழைய நீதிமன்றங்களிலிருந்து வராமல் நேரடியாக இங்கே நியமனம் பெற்ற முதல் நீதிபதி. காப்புரிமைச் சட்டத்தில் அவருடைய மாறுபட்ட தீர்ப்புகளுக்குத் தனி மதிப்பு உண்டு.

2023-ல் அவருடைய உடல், மனத் திறன் பற்றி சக நீதிபதிகள் விசாரணை தொடங்கினார்கள். மருத்துவப் பரிசோதனைக்கு ஒத்துழைக்கவில்லை என்ற காரணத்துக்காக அந்த ஆண்டு செப்டம்பரில் அவருக்குப் புதிய வழக்குகள் ஒதுக்குவதை நிறுத்தினார்கள். அது அடுத்தடுத்த ஆண்டுகளிலும் நீட்டிக்கப்பட்டது. தாம் தகுதியோடுதான் இருக்கிறேன் என்று அவர் வழக்குத் தொடுத்தார். பதவி போகவில்லை, வேலை மட்டும் இல்லை. ஆயுள் பதவி தரும் நாட்டில் இந்தக் கேள்விக்கு எளிய பதில் கிடையாது. ஆனால் 40 ஆண்டு உழைத்தவரோடு இதைவிட மென்மையாக முடித்துக்கொள்ள ஒரு வழி இருந்திருக்க வேண்டும்.

ஒரு மேல்முறையீடு எப்படி நடக்கிறது?

பெரும்பாலும் காகிதத்தில். மாவட்ட நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் பொதுவாக 30 நாளுக்குள் மேல்முறையீட்டு அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அரசும் ஒரு தரப்பாக இருந்தால் 60 நாள். பிறகு எழுத்துபூர்வ வாதங்கள். அச்சடித்துக் கொடுக்கும்போது அட்டையின் நிறமே யாருடையது என்று சொல்லிவிடும்: மேல்முறையீடு செய்தவருக்கு நீலம், எதிர்த்தரப்புக்குச் சிவப்பு, பதில் வாதத்துக்குச் சாம்பல், வழக்கில் இல்லாமல் கருத்து மட்டும் சொல்ல வருபவருக்குப் பச்சை.

மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு கேட்கும். அந்த மூவர் யார் என்பது வாதம் நடக்கும் நாள் காலையில்தான் தெரியும். அதனால் நீதிபதியைப் பார்த்து வாதத்தை வளைக்கும் வேலை நடக்காது. ஒரு தரப்புக்கு வழக்கமாக 15 நிமிடம். அதிலும் பாதியை நீதிபதிகளின் கேள்விகளே விழுங்கிவிடும். சாட்சி கிடையாது, ஜூரி கிடையாது.

தீர்ப்பு நூறு பக்கத்துக்கு மேலும் வரலாம், ஒரே வார்த்தையாகவும் வரலாம். ‘விதி 36’ என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். கீழ் நீதிமன்றம் சொன்னது சரி என்றால் காரணம் எதுவும் எழுதாமல் ‘உறுதி செய்யப்பட்டது’ என்று மட்டும் போட்டு முடித்துவிடுவார்கள். வேலைப்பளு புரிகிறது. ஆனாலும் பல ஆண்டு நடத்திய வழக்கில் தோற்றவருக்கு ஏன் தோற்றோம் என்று தெரிந்துகொள்ள உரிமை உண்டு. இந்தப் பழக்கம் எனக்கு உடன்பாடில்லை.

முழு அமர்வு என்றால்? திருப்பூருக்கும் இதற்கும் ஏதோ தொடர்பு என்கிறார்களே?

மூவர் அமர்வின் தீர்ப்பை மாற்ற வேண்டும் என்றாலோ, விஷயம் மிகப் பெரியது என்றாலோ பணியில் உள்ள எல்லா நீதிபதிகளும் சேர்ந்து உட்காருவார்கள். அபூர்வமாகத்தான் நடக்கும்.

2025-ல் அப்படி ஒன்று நடந்தது. 1977-ன் பொருளாதார நெருக்கடிநிலை அதிகாரச் சட்டத்தைக் காட்டி அதிபர் டிரம்ப் உலக நாடுகள் மேல் வரி போட்டார். நியூயார்க்கில் ஒயின் இறக்குமதி செய்யும் ஒரு சின்ன நிறுவனமும் வேறு சில சிறு வணிகர்களும் பல மாநிலங்களும் வழக்குப் போட்டார்கள். சர்வதேச வணிக நீதிமன்றம் மே 28-ல் அந்த வரிகள் செல்லாது என்றது. இறக்குமதி வரி மேல்முறையீடு என்பதால் அது நேரே ஃபெடரல் சர்க்யூட்டுக்கு வந்தது. ஜூலை 31-ல் வாதம். நியூமன் இல்லாததால் பதினொரு பேர். ஆகஸ்ட் 29-ல் 7-க்கு 4 என்ற கணக்கில், அந்தச் சட்டம் இப்படி எல்லையில்லாமல் வரி போட அதிகாரம் தரவில்லை என்று தீர்ப்பு.

அதற்கு இரண்டு நாள் முன்னால், ஆகஸ்ட் 27-லிருந்து, இந்தியப் பொருள்கள் பலவற்றின் மேல் வரி 50 சதவீதமாகியிருந்தது. அமெரிக்காவை நம்பிப் பனியனும் டி-ஷர்ட்டும் தைத்து அனுப்பும் திருப்பூர் திகைத்து நின்ற நாள்கள் அவை. அந்த வரியில் ஒரு பாதி இந்த வழக்கில் நேரடியாக இருந்தது. ரஷ்ய எண்ணெய்க்காகப் போட்ட மறுபாதியும் அதே சட்டத்தைச் சாய்ந்துதான் நின்றது. தீர்ப்பு வந்ததும் வரி குறைந்துவிடும் என்று நம்பியவர்களுக்கு ஏமாற்றம்: அரசு மேல்முறையீடு செய்ய வசதியாக அக்டோபர் 14 வரை தீர்ப்பை அமலாக்காமல் நிறுத்திவைத்தார்கள். நவம்பர் 5-ல் உச்ச நீதிமன்றம் வாதம் கேட்டது. அதன் பிறகு அது உச்ச நீதிமன்றத்தின் கதை.

அந்த நான்கு மாற்றுக் கருத்து நீதிபதிகளில் இருவர் ஒபாமா நியமித்தவர்கள், இருவர் இளைய புஷ் நியமித்தவர்கள். பெரும்பான்மையிலும் மூத்த புஷ் நியமித்த ஒருவர் இருந்தார். கட்சிக் கணக்குப் போட்டு இந்த நீதிமன்றத்தைப் படிக்க முடியாது.

உச்ச நீதிமன்றத்துக்கும் இதற்கும் ஒத்துப்போகாது என்பது உண்மையா?

காப்புரிமையில் பல தடவை குட்டு வாங்கியிருக்கிறது. காப்புரிமை மீறல் நிரூபணமானால் ஏறக்குறைய தானாகவே தடையாணை தரலாம் என்ற வழக்கத்தை 2006-ல் இணைய விற்பனை நிறுவனமான ஈபேயின் வழக்கில் உச்ச நீதிமன்றம் உடைத்தது. 2007-ல் கார் ஆக்சிலரேட்டர் பெடல் வழக்கு: நகர்த்தக்கூடிய பெடலில் மின்னணு சென்சாரைப் பொருத்தியதற்குக் காப்புரிமை தரலாமா என்ற கேள்வி. இரண்டையும் சேர்க்கும்படி எங்காவது குறிப்பு இருந்ததா என்று ஃபெடரல் சர்க்யூட் கறாராகத் தேடியது. சாதாரணத் தொழில்காரருக்கும் சொந்தமாக யோசிக்கத் தெரியும் என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. 2013-ல் மென்பொருள் காப்புரிமை பற்றிய ஆலிஸ் வழக்கில் பத்து நீதிபதிகள் முழு அமர்வாக உட்கார்ந்தும் காரணம் என்ன என்பதில் பெரும்பான்மை சேரவில்லை. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம்தான் முடித்துவைத்தது.

வேறு சர்க்யூட் ஏதாவது மாற்றிச் சொன்னால் தவறு சீக்கிரம் வெளியே தெரியும். இங்கே வேறு குரலே இல்லை. ஒருமைப்பாட்டுக்குக் கொடுத்த விலை அது.

இந்தியாவில் இப்படி ஒரு நீதிமன்றம் உண்டா?

இருந்தது, அதுவும் சென்னையில். அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் 2003-ல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கியது. நோவார்ட்டிஸ் கம்பெனியின் புற்றுநோய் மருந்துக்குக் காப்புரிமை தர 2006-ல் மறுத்தது சென்னைக் காப்புரிமை அலுவலகம். 2009-ல் இந்த வாரியமும் மறுத்தது. 2013-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. உலகம் முழுவதும் பேசப்பட்ட வழக்கு.

ஆனால் வாரியத்தில் இடங்கள் நிரப்பப்படாமல் கிடந்தன, வழக்குகள் தேங்கின. 2021 ஏப்ரலில் கலைத்துவிட்டார்கள். இப்போது அந்த மேல்முறையீடுகள் உயர் நீதிமன்றங்களுக்குப் போகின்றன. டெல்லியிலும் சென்னையிலும் உயர் நீதிமன்றத்துக்குள்ளேயே இதற்கென்று தனிப் பிரிவுகள் வந்திருக்கின்றன.

மஞ்சள் காப்புரிமை வழக்கு இந்த நீதிமன்றத்தில்தானே நடந்தது?

இல்லை. காயத்தை ஆற்ற மஞ்சள் என்று 1995-ல் அமெரிக்கா கொடுத்த காப்புரிமை, இந்திய அரசின் ஆராய்ச்சிக் குழுமமான சி.எஸ்.ஐ.ஆர். எதிர்த்த பிறகு 1997-ல் ரத்தானது. அது காப்புரிமை அலுவலகத்திலேயே மறுபரிசீலனையில் முடிந்துவிட்டது.

வக்கீல் இல்லாமல் வழக்காட முடியுமா?

தனி மனிதர் முடியும். வேலைநீக்கம் செய்யப்பட்ட ஊழியர்களும் படைவீரர்களும் பலர் தாமே எழுதி அனுப்புகிறார்கள். கம்பெனி என்றால் வக்கீல் கட்டாயம்.

நேரில் பார்க்கவோ கேட்கவோ முடியுமா?

முடியும். வாஷிங்டனில் வெள்ளை மாளிகைக்கு எதிரே லஃபயெட் சதுக்கத்தை ஒட்டிய செங்கல் கட்டடம் அது. வாதங்கள் பொதுவாக மாதத்தின் முதல் வாரத்தில் நடக்கும், யாரும் போய் உட்காரலாம். போக முடியாதவர்களுக்கு நீதிமன்ற இணையதளத்தில் ஒலிப்பதிவுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. புதிதாகக் கேட்பவர்கள் காப்புரிமை வழக்கில் தொடங்க வேண்டாம், ஐந்தாவது நிமிடத்தில் தலை சுற்றும். படைவீரர் வழக்கு ஒன்றை எடுத்துக் கேளுங்கள்.